இந்த அடை எந்தப் பெயருக்கு? ஆங்கில வாக்கியத்தில் அடைத்தொடர் சேருமிடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைத் தமிழாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி: ‘டு நாட் கிவ் திஸ் மெடிசின் டு இன்ஃபன்ட்ஸ் ஆர் அடல்ட்ஸ் வித் கிட்னி டிஸீஸ்.’ நான் எழுதிக் கொடுத்தது: ‘சிறுநீரக நோய் உள்ள கைக்குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.’ தமிழ் தடங்கலின்றி ஓடியது. சரிபார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ‘ஏன் தம்பி, சிறுநீரகம் நன்றாக இருக்கிற கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா?’ என்று கேட்டார்.

கொடுக்கவே கூடாது. ‘வித் கிட்னி டிஸீஸ்’ என்பது பெரியவர்களுக்கு மட்டுமான அடை, அதாவது எந்தப் பெரியவர்கள் என்று விவரிக்கும் தொடர். நான் அதைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்தேன். அது குழந்தைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சொல்லின் பொருளும் எனக்குத் தெரிந்திருந்தது. எது எதைத் தழுவுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அன்று முதல் இதற்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கும், வங்கித் தேர்வுகளில் பிழை காணும் பகுதிக்குத் தயாராகிறவர்களுக்கும், அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நமக்கு ஏன் இது தடுமாற்றம்?

தமிழில் அடை பெயருக்கு முன்னால் வரும். ‘நேற்று வந்த பையன்’, ‘மேசைமேல் இருக்கும் சாவி’, ‘பச்சைக் குடை’ என எல்லாமே முன்னால்தான். ‘வந்த’ என்று ஒரு பெயரெச்சம் காதில் விழுந்ததும், ‘யார் வந்தது?’ என்று மனம் முன்னோக்கி ஓடிப் பெயரைத் தேடுகிறது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் அடைகள் பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. தொடராக நீண்டுவிட்டால் பின்னால் போய்விடுகின்றன. ‘த கீ ஆன் த டேபிள்’, ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’. ஆகவே ஆங்கிலம் படிக்கும்போது தேடும் திசையை மாற்ற வேண்டும்: தொடரைக் கண்டதும் பின்னோக்கித் திரும்பி, கடந்து வந்த பெயர்களுள் எது என்று பார்க்க வேண்டும். கடந்து வந்த பெயர் ஒன்றுதான் என்றால் சிக்கல் இல்லை. மூன்று நான்கு இருந்தால்தான் குழப்பம்.

இந்தத் தேடல் நமக்குப் புதிதும் அல்ல. அடைக்கும் பெயருக்கும் நடுவே வேறு சொல் வந்து நிற்பதை நன்னூல் ‘இடைப்பிறவரல்’ என்கிறது. ‘வந்த வடகாசி மன்னன்’ என்பதில் ‘வந்த’ காசியைத் தாண்டிப் போய் மன்னனைப் பிடிக்கிறது. செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்துச் சேர்ப்பதற்குக் ‘கொண்டுகூட்டு’ என்று பெயர். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் எண்ணும் 8 பொருள்கோள்களில் அதுவும் ஒன்று. பழைய உரையாசிரியர்கள் பாட்டுக்குச் செய்ததையே நாம் ஆங்கில உரைநடைக்குச் செய்யப்போகிறோம்.

முதல் படி: அடைத்தொடரின் எல்லையைக் குறியுங்கள்

பென்சிலை எடுத்து, தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அடைப்புக்குறி போடுங்கள். தொடக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் சில உண்டு: ‘இன்’, ‘ஆன்’, ‘வித்’, ‘ஃப்ரம்’, ‘ஆஃப்’ போன்ற ப்ரெபொசிஷன்கள், ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’, ‘ஹோல்டிங்’, ‘ரன்னிங்’ போல ‘இங்’கில் முடியும் வினைகள், ‘ரிட்டன்’, ‘சோல்ட்’ போன்ற செயப்பாட்டு எச்சங்கள். பல பிழைகள் எல்லை தவறுவதிலேயே தொடங்குகின்றன. இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: வேட்பாளர்களை எழுதுங்கள்

அடைத்தொடருக்கு முன்னால் உள்ள எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதுங்கள். அதோடு வினையையும் எழுதுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் வருகிற தொடர் பெயரைத்தான் தழுவ வேண்டும் என்பதில்லை. அது வினையைத் தழுவும் தொடராகவும் இருக்கலாம்.

‘ஷீ ஹிட் த தீஃப் வித் தி அம்ப்ரெல்லா.’ குடை யாரிடம் இருந்தது? அவள் கையில் இருந்தால் ‘வித் தி அம்ப்ரெல்லா’ வினைக்கு உரியது. அடித்த கருவியைச் சொல்கிறது. திருடன் கையில் இருந்தால் அது ‘தீஃப்’ என்ற பெயருக்கு உரியது. எந்தத் திருடன் என்பதைச் சொல்கிறது. எழுத்தில் எள்ளளவும் வேறுபாடு இல்லை.

ஒரு தொடருக்கே இந்தப் பாடு. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் பின்னால் ஒரு ப்ரெபொசிஷன் தொடர் வந்தால் சேர்க்கும் வழிகள் 2; இரண்டு தொடர்கள் வந்தால் 5; மூன்று வந்தால் 14; நான்கு வந்தால் 42. பெல்ஜியக் கணித அறிஞர் கத்தலானின் பெயரால் வழங்கும் எண்வரிசை இது. கணினிக்கு ஆங்கிலம் கற்பிக்க முனைந்தவர்கள் 1980களிலேயே இந்த எண்களில் முட்டி நின்றார்கள். இந்த வழிகளில் பெரும்பாலானவற்றை நம் மனம் யோசிக்காமலே தள்ளிவிடுகிறது. எதை வைத்துத் தள்ளுகிறது என்பதை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் இனி வரும் படிகள்.

மூன்றாம் படி: அருகில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

தொடருக்கு மிக அருகில் உள்ள பெயரை முதலில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதற்கே வாய்ப்பு அதிகம். குவெத்தோஸ், மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. பால்கனியில் நின்ற நடிகையின் பணியாளை யாரோ சுட்டார்கள் என்ற கருத்துள்ள வாக்கியம். ஆங்கிலத்தில் அது ‘த சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் த பால்கனி’ என்று வரும். பால்கனியில் நின்றது யார் என்று கேட்டபோது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அருகில் உள்ள நடிகையின் பக்கம் சாய்ந்தார்கள். அதே வாக்கியத்தை ஸ்பானிய மொழியில் படித்தவர்கள் தொலைவில் உள்ள பணியாளின் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு மொழியில் பழகிய உள்ளுணர்வை இன்னொரு மொழிக்கு அப்படியே நம்பிக் கொண்டுபோக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அருகாமையை நம்பக்கூடிய இடம் ‘ஆஃப்’. ‘ஆஃப்’ தொடர் கிட்டத்தட்ட எப்போதும் தனக்கு முன்னால் உள்ள பெயரோடு ஒட்டிக்கொள்ளும். விலக்கு, தாமே ‘ஆஃப்’ கேட்கும் வினைகள்: ‘தே ராப்ட் த உமன் ஆஃப் ஹர் செயின்’ என்பதில் ‘ஆஃப்’ பெண்ணுக்கு உரியதன்று, பறித்த செயலுக்கு உரியது. ‘அக்யூஸ்’, ‘ரிமைண்ட்’, ‘இன்ஃபார்ம்’ ஆகியவையும் இப்படித்தான்.

சில பெயர்கள் தமக்கென்று ஒரு ப்ரெபொசிஷனைக் கட்டி வைத்திருக்கின்றன. ‘பேன்’ என்றால் ‘ஆன்’, ‘ஆக்ஸெஸ்’ என்றால் ‘டு’, ‘ரீசன்’ என்றால் ‘ஃபார்’, ‘இன்க்ரீஸ்’ என்றால் ‘இன்’. இந்த இணைகளை அறிந்தவர்களுக்கு நீண்ட வாக்கியங்கள் தாமாகவே பிரிந்து வரும். அதுபோல ‘புட்’ என்ற வினை, எங்கே வைத்தார்கள் என்ற இடத்தைக் கேட்காமல் விடாது. ‘ஷீ புட் த கீஸ் ஆன் த டேபிள் இன் த டிராயர்’ என்பதில் இரண்டு இடங்கள் வருகின்றன. மேசை டிராயருக்குள் இருக்க முடியாது. ஆகவே ‘இன் த டிராயர்’ வினைக்குப் போகிறது. ‘ஆன் த டேபிள்’ சாவிக்கு அடையாகிறது: மேசைமேல் இருந்த சாவியை டிராயரில் வைத்தாள்.

இங்கே பெரும்பாலும் நம்பக்கூடிய ஒரு விதியும் கிடைக்கிறது. ஒரு தொடர் வினைக்கு என்று போய்விட்டால், அதற்குப் பின்னால் வரும் தொடர் வினையைத் தாண்டி உள்ளே போய்ப் பழைய பெயரைப் பிடிப்பது அரிது. கோடு போட்டுப் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. மீறும் வாக்கியங்கள் உண்டு: ‘எ மேன் கேம் இன் ஹூ வாஸ் லிம்பிங்.’ நொண்டியவன் ‘மேன்’தான், வினையைத் தாண்டியே அடை அவனைப் பிடிக்கிறது. வேறு பெயரே இல்லாததால் குழப்பமும் இல்லை.

நான்காம் படி: இலக்கணச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

அடைத்தொடருக்குள்ளேயே சாட்சி இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் சாட்சி ஒருமை பன்மை. ‘த பாக்ஸ் ஆஃப் புக்ஸ் விச் வாஸ் லெஃப்ட் இன் த ரெய்ன்’ என்றால் நனைந்தது பெட்டி. ‘விச் வேர் லெஃப்ட்’ என்றால் நனைந்தவை புத்தகங்கள். ஒரே சொல்லில் வழக்கு முடிந்துவிட்டது. ‘விச் கேம்’ என்பதுபோல் சாதாரண இறந்தகால வினை வந்தால் இந்தச் சாட்சி வாய் திறக்காது, ஏனென்றால் ‘கேம்’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொது.

இரண்டாம் சாட்சி உயர்திணை அஃறிணை. நமக்குப் பழக்கமான இடம். ‘த டாக் ஆஃப் த வாட்ச்மேன் ஹூ ஸ்லீப்ஸ் ஆல் டே’ என்றால் தூங்குவது காவலாளி. ‘விச் ஸ்லீப்ஸ்’ என்றால் நாய். ‘தட்’ என்று எழுதியிருந்தால் இரண்டுக்கும் இடம் உண்டு.

தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு வகை இதில்தான் வருகிறது. ‘ஷீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ நெவர் ஸ்கோல்ட்’ என்பதில் ‘ஹூ’ தழுவுவது ‘டீச்சர்ஸ்’ என்ற பன்மையை. திட்டாத ஆசிரியர்கள் ஒரு கூட்டம், இவர் அதில் ஒருவர். ஆகவே ‘ஸ்கோல்ட்’. ஆனால் ‘தி ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ நெவர் ஸ்கோல்ட்ஸ்’ என்றால் திட்டாதவர் ஒருவர் மட்டுமே, ஒருமை. மனப்பாடம் செய்யாமல், ‘திட்டாதவர் எத்தனை பேர்?’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: காற்புள்ளியைப் பாருங்கள்

‘தி ஆஃபிஸர் க்வெஸ்சன்ட் த க்ளார்க் ஹோல்டிங் த ஃபைல்.’ காற்புள்ளி இல்லை. கோப்பு எழுத்தரின் கையில் இருக்கிறது என்றே பெரும்பாலும் படிப்போம். ‘க்ளார்க்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள்; கோப்பு அதிகாரியின் கைக்கு மாறிவிடுகிறது. ‘இங்’ தொடருக்கு முன்னால் காற்புள்ளி வந்தால் அது அருகில் உள்ள பெயரை விட்டு எழுவாயைத் தேடிப் போகும்.

‘ஹூ’, ‘விச்’ தொடர்களில் காற்புள்ளியின் வேலை வேறு. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ என்றால் எனக்குப் பல சகோதரர்கள். மதுரையில் இருப்பவரைப் பிரித்துச் சொல்கிறேன். இருபுறமும் காற்புள்ளி போட்டால் சகோதரர் ஒருவரே என்ற எண்ணம் எழும். மதுரை என்பது கூடுதல் தகவல். ‘ஹீ மிஸ்ட் த லாஸ்ட் பஸ், விச் அப்செட் ஹிஸ் மதர்’ என்பதில் ‘விச்’ எந்தப் பெயரையும் தழுவவில்லை. அம்மாவை வருத்தியது பஸ் அல்ல, அவன் அதைத் தவறவிட்டது. வேட்பாளர் பட்டியலில் முழு வாக்கியத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘இங்’ தொடர் தமிழர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ‘வாக்கிங் டு த டெம்பிள், த பெல் வாஸ் ஹெர்ட்’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம். தொடக்கத் தொடர் அடுத்து வரும் எழுவாயைத்தான் சேரும் என்பது ஆங்கிலத்தின் வழக்கு. அதன்படி இங்கே கோவிலுக்கு நடந்து போகிறது மணி! இது ஏன் நமக்கு உறுத்துவதில்லை? ‘கோவிலுக்குப் போகையில் மணியோசை கேட்டது’ என்பது குற்றமற்ற தமிழ். ‘போகையில்’, ‘போகும்போது’ என்பவை வேறு எழுவாயை ஏற்கும். ஆனால் ‘கோவிலுக்குப் போய் மணி அடித்தது’ என்று யாரும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும். ஆங்கிலத்தின் தொடக்க ‘இங்’ தொடரைப் ‘போகையில்’ என்று எண்ணாமல் ‘போய்’ என்று எண்ணிப் பழகுங்கள். பிழை உடனே காதில் இடறும். ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ போன்றவை ப்ரெபொசிஷனாகவே மாறிவிட்டவை. அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆறாம் படி: பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள்

பெயர் நிற்கும் இடத்தில் ‘ஹிம்’, ‘இட்’ போன்ற பதிலிப்பெயரைப் போடுங்கள். ‘ஷீ ஹிட் ஹிம் வித் தி அம்ப்ரெல்லா’ என்றதும் குடை அவள் கைக்கு வந்துவிட்டது, ஏனென்றால் ‘ஹிம்’ தன்னோடு இத்தகைய அடையைச் சேர்த்துக்கொள்ளாது. நீங்கள் நினைத்த பொருள் இந்த மாற்றத்துக்குப் பின்னும் நின்றால் தொடர் வினைக்கு உரியது. கெட்டுவிட்டால் பெயருக்கு உரியது. செயப்பாட்டு வினையாக்கியும் சோதிக்கலாம்: ‘த தீஃப் வித் தி அம்ப்ரெல்லா வாஸ் ஹிட்’ என்பதில் குடை திருடனோடு சேர்ந்தே நகர்கிறது.

ஏழாம் படி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

என் அனுபவத்தில் இதைவிடக் கூர்மையான சோதனை இல்லை. ஆங்கிலத்தின் ‘வித்’ இரண்டு பக்கமும் சாயும். தமிழ் அப்படிச் சாயவிடாது. ‘குடையால் அடித்தாள்’ என்றால் வினைக்கு; ‘குடை வைத்திருந்த திருடனை’ என்றால் பெயருக்கு. நடுவில் நிற்க இடமில்லை. உங்கள் வாயில் ‘உள்ள’, ‘இருந்த’, ‘ஆன’ என்று பெயரெச்ச வடிவம் வந்தால் பெயரைத் தேர்ந்துவிட்டீர்கள். ‘ஆல்’, ‘இல்’, ‘ஓடு’, ‘ஆக’ என்று வந்தால் பெரும்பாலும் வினையைத் தேர்ந்துவிட்டீர்கள். எந்த வடிவம் முதலில் வந்தது என்பதைக் கவனித்துவிட்டு, மற்றதையும் வேண்டுமென்றே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் வாக்கியம் உண்மையாகவே இருபொருள் உடையது.

இந்தச் சோதனை எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பெயரா வினையா என்பதைத் தமிழ் தீர்த்துவைக்கும். எந்தப் பெயர் என்பதைச் சில சமயம் தீர்க்காது. ‘பால்கனியில் நின்ற நடிகையின் பணியாள்’ என்றால் நின்றது யார்? தமிழிலும் அதே குழப்பம், திசை மட்டும் மாறியிருக்கிறது. நின்றது பணியாள் என்றால் ‘நடிகையின், பால்கனியில் நின்ற பணியாள்’ என்று அடையை அதன் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

எட்டாம் படி: ‘அண்ட்’, ‘ஆர்’ வந்தால் வேகத்தைக் குறையுங்கள்

என் மருந்துத் தாள் பிழை நடந்த இடம் இதுதான். பல பெயர்கள் ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ போட்டுக் கோக்கப்பட்டு, இறுதியில் ஒரு அடை வந்தால், அது கடைசிப் பெயருக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? முன்னால் வரும் அடைக்கும் இதே கேள்விதான்: ‘ஓல்ட் மென் அண்ட் விமன்’ என்பதில் பெண்களும் முதியவர்களா?

சிறைக்காலமே இதில் தொங்கியிருக்கிறது. குறைந்தது 10 ஆண்டு தண்டனை விதிக்கும் ஓர் அமெரிக்கச் சட்டம், முந்தைய குற்றங்களாகப் பாலியல் குற்ற வகைகள் மூன்றை ‘ஆர்’ போட்டு அடுக்கிவிட்டு, இறுதியில் ‘இன்வால்விங் எ மைனர் ஆர் வார்ட்’ (வயதுவராதவரையோ பிறர் காவலில் உள்ளவரையோ சார்ந்த) என்று முடிகிறது. லாக்ஹார்ட் என்பவரின் பழைய குற்றம் வயதுவந்த ஒருவருக்கு எதிரானது. மைனர் என்ற அடை மூன்று வகைக்கும் பொது என்றால் அவருக்கு அந்தக் கூடுதல் தண்டனை இல்லை; கடைசி வகைக்கு மட்டும் என்றால் உண்டு. 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில், கடைசி வகைக்கு மட்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோட்டோமயோர். மறுத்து எழுதிய நீதிபதி கேகன், சாதாரணமாக ஆங்கிலம் பேசுகிற எவரும் இத்தகைய சீரான பட்டியலில் அடையை முழுப் பட்டியலுக்கும் சேர்த்தே படிப்பார்கள் என்றார். வாழ்நாள் முழுவதும் ஆங்கிலச் சட்டத்தில் ஊறியவர்களே இருவேறாகப் படித்திருக்கிறார்கள். ஃபேஸ்புக் தொடர்பான 2021 வழக்கில் இரண்டு வினைகளுக்குப் பின்னால் காற்புள்ளியோடு வந்த தொடர், இரண்டையும் தழுவுகிறது என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. காற்புள்ளியும் அங்கே ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நடைமுறையில் நான் பார்ப்பவை மூன்று. ப்ரெபொசிஷனோ ‘எ’, ‘த’ போன்ற சொல்லோ ஒவ்வொரு பெயருக்கும் திரும்ப வந்திருக்கிறதா? ‘டு இன்ஃபன்ட்ஸ் ஆர் டு அடல்ட்ஸ் வித்’ என்று இருந்திருந்தால் அந்த இரண்டாவது ‘டு’ நடுவில் வேலி போட்டிருக்கும். முதல் பெயருக்குத் தனியாக ஓர் அடை இருக்கிறதா? இருந்தால் இறுதி அடை இறுதிப் பெயரோடு நிற்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாவது, பொதுவாகச் சொல்வதே நோக்கமென்றால் எழுதியவர் இப்படியா எழுதியிருப்பார்? சிறுநீரக நோயாளிகள் எல்லோரையும் தடுப்பது நோக்கம் என்றால் ‘எனிஒன் வித் கிட்னி டிஸீஸ்’ என்றே முடித்திருக்கலாம். கைக்குழந்தைகளையும் பெரியவர்களையும் சொல்லிவிட்டு, நோயுள்ள பத்து வயதுப் பிள்ளையை நடுவில் விட்டிருக்க மாட்டார். இந்தக் கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால் என் பிழை நேர்ந்திருக்காது. திருத்திய வரி இப்படி அச்சானது: ‘கைக்குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களும் உட்கொள்ளக் கூடாது.’ இரண்டாக வெட்டியதும் அடை தாண்டிப் போக வழியில்லை.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம்

‘தி ஆஃபிஸர் இன் சார்ஜ் ஆஃப் த கோடவுன் நியர் த ஸ்டேஷன் தட் வாஸ் ஃப்ளடட் இன் டிசம்பர் ஹேஸ் பீன் டிரான்ஸ்ஃபர்ட்.’

கடைசியிலிருந்து வாருங்கள். ‘ஹேஸ் பீன் டிரான்ஸ்ஃபர்ட்’ தலைமைப் பயனிலை. இடம் மாற்றப்பட்டவர் அதிகாரி. அவருக்கும் பயனிலைக்கும் நடுவில் நிற்பவை எல்லாம் அடைகள். ‘ஆஃப் த கோடவுன்’ என்பது ‘சார்ஜ்’ என்பதோடு ஒட்டுகிறது. அது ‘ஆஃப்’ விதி. ‘நியர் த ஸ்டேஷன்’ அருகில் உள்ள கிடங்கைச் சேர்கிறது. ‘இன் டிசம்பர்’ வெள்ளம் வந்த மாதம். மிச்சம் ‘தட் வாஸ் ஃப்ளடட்’. வேட்பாளர்கள்: அதிகாரி, கிடங்கு, ஸ்டேஷன். அதிகாரிக்குள் வெள்ளம் புகாது. அவரைப் பொருள் நீக்கிவிடுகிறது. மற்ற இரண்டும் ஒருமை, ஆகவே ‘வாஸ்’ உதவவில்லை. இரண்டும் அஃறிணை, ஆகவே ‘தட்’ உதவவில்லை. காற்புள்ளி இல்லை. அருகாமை ஸ்டேஷனைக் காட்டுகிறது; அதிகாரி மாற்றப்பட்டதற்குக் காரணம் தேடும் மனம் கிடங்கைக் காட்டுகிறது.

தமிழில் சொல்லிப் பார்த்தால்: ‘டிசம்பரில் வெள்ளம் புகுந்த ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள கிடங்கின் பொறுப்பு அதிகாரி.’ ஸ்டேஷனைச் சொன்னதாகவே இது காதில் விழுகிறது. கிடங்கு என்றால் ‘ஸ்டேஷனுக்கு அருகில், டிசம்பரில் வெள்ளம் புகுந்த கிடங்கு’ என்று மாற்ற வேண்டும். எதை எழுதுவது என்று வாக்கியத்துக்குள் இருந்து இனி தெரியாது. முன்பின் பத்திகளில் தேடுகிறேன். வெள்ளத்தைப் பற்றி வேறெங்கும் இல்லை என்றால் மொழிபெயர்ப்பை அங்கே நிறுத்திவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறேன்: ‘டிசம்பரில் வெள்ளம் புகுந்தது ஸ்டேஷனிலா, கிடங்கிலா?’